டிஃபென்டர் 110 வாங்கும்போது எந்த ஆப்ஷன், எந்த எக்ஸ்டென்டட் வாரண்டி: முழுமையான வழிகாட்டி

ஆப்ஷன் பட்டியலையும் வாரண்டிப் புத்தகத்தையும் ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஷோரூமில் நடப்பது வேறு. ஆப்ஷன்களைப் பெரிய திரையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறோம். எக்ஸ்டென்டட் வாரண்டியோ டெலிவரிக்கு முந்தைய நாள், இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவே, கையெழுத்துப் போட வேண்டிய இன்னொரு தாளாக வருகிறது. உண்மையில் இரண்டும் ஒரே முடிவு. ஏர் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கிறவர், ஐந்தாறு ஆண்டுகளில் பழுதாகக்கூடிய ஒரு கம்ப்ரஸரையும் நான்கு ஏர் ஸ்பிரிங்குகளையும் உயர சென்சார்களையும் சேர்த்தே வாங்குகிறார். வெளியில் யாரிடமோ வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மின்சாரக் கயிற்று உருளை) மாட்டுகிறவர், பின்னால் வரும் மின்கோளாறு க்ளெய்மை மறுக்க ஒரு காரணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110, தமிழ்நாட்டில் பதிவாகும் புது வண்டி. வரி, இன்ஷூரன்ஸ், வாரண்டி பற்றிய பகுதிகள் ஜி-கிளாஸ், லேண்ட் க்ரூஸர் 300 வாங்குபவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு தாளில் எழுத வேண்டியவை

நான்கு விவரங்கள் போதும். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும். எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள். அதில் மண், பாறை, தண்ணீர் உண்மையிலேயே எவ்வளவு. வண்டி இரவில் எங்கே நிற்கும்.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 110-இன் நீளம் ஸ்டெப்னியோடு 5,018 மி.மீ., கண்ணாடிகள் விரிந்த நிலையில் அகலம் 2,105 மி.மீ., உயரம் 1,967 மி.மீ. அதன் மேல் ரூஃப் ரேக் வைத்தால் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளப் பார்க்கிங்கில் நுழையாது. மெக்கானிக்கல் அடுக்குப் பார்க்கிங் என்றால் உயரத்தோடு எடை வரம்பையும் கேளுங்கள். பின்கதவு பக்கவாட்டில் திறப்பது, ஸ்டெப்னி அதிலேயே தொங்குகிறது. சுவரை ஒட்டி நிறுத்தினால் சாமான் எடுக்க முடியாது. டேப் எடுத்துப்போய் அளந்துவிட்டு வந்து மற்றதைப் பேசுங்கள்.

உடல் நீளமும் என்ஜினும்

110, 130 இரண்டுக்கும் வீல்பேஸ் ஒன்றே: 3,022 மி.மீ. 130-இல் கூடுதல் நீளம் முழுக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிறது. அதனால் பின்பக்க ஏற்றக் கோணம், 110-இல் ஏர் சஸ்பென்ஷன் உயர்ந்த நிலையில் 40 டிகிரியாக இருப்பது, 130-இல் 28.5 டிகிரியாகக் குறைகிறது. ஓடை இறங்கி ஏறும்போது பின் பம்பர் தரையில் இடிப்பது இதனால்தான். எட்டுப் பேர் அமரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் 110-ஐ எடுப்பதே நல்லது. 110-இன் மூன்றாம் வரிசை சிறுவர்களுக்கானது; அதைப் போட்டால் சாமான் இடம் போய்விடும்.

என்ஜினில் எங்கள் தேர்வு 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல். டி350 வடிவில் 350 பிஎஸ், 700 நியூட்டன் மீட்டர். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான தாழ்ந்த கியர் நிலை) ஊர்ந்து ஏறும்போது அந்த இழுவிசை குறைந்த சுற்றிலேயே கிடைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தினமும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு டீசல் வேண்டாம். புகைப்போக்கியில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி, சேர்ந்த கரியை எரிக்கச் சூடாக வேண்டும். அதற்குத் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். எரிப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். ஆயில் மாற்றும் எச்சரிக்கை முன்கூட்டியே வரும். இந்த வகைப் பழுதை "ஓட்டும் முறையால் வந்தது" என்று சொல்லி வாரண்டியில் ஒதுக்க இடமிருக்கிறது. நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குப் பெட்ரோலே பொருத்தம். தில்லி வட்டாரத்தில் டீசல் வண்டிகளுக்குப் பத்து ஆண்டு வரம்பு பேசப்படுவதால், அங்கே மறுவிற்பனை செய்யும் எண்ணமிருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்க வேண்டியவை

விதி எளிது: பின்னால் பொருத்த முடியாததற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். போல்ட் போட்டு மாட்டக்கூடியது எதுவும் அவசரமில்லை.

ஏர் சஸ்பென்ஷன் முதல் இடம். ஆஃப்-ரோடு நிலையில் வண்டியை 75 மி.மீ. உயர்த்தும்; வயிறு தட்டி நிற்கும் கட்டத்தில் இன்னும் 70 மி.மீ. கூடும், ஏறி இறங்க 50 மி.மீ. தாழ்த்தும். தரை இடைவெளி 291 மி.மீ. வரை, நீர் ஆழம் 900 மி.மீ. வரை கிடைப்பது இதனால்தான். காயில் ஸ்பிரிங்கில் நீர் ஆழம் 850 மி.மீ. வயதான பெற்றோர் ஏறுகிற வீட்டில் அந்த 50 மி.மீ. தாழ்வு தினமும் பயன்படும். எந்தச் சந்தைக்கு, எந்த ஆண்டு மாடலுக்கு இது ஸ்டாண்டர்டாக வருகிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், "ஏர்" என்று கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்டட் வாரண்டியை இதற்காகவே எடுக்கலாம்; காரணம் கீழே வருகிறது.

எலக்ட்ரானிக் ஆக்டிவ் ரியர் டிஃபரென்ஷியல் இரண்டாவது. ஒரு பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது, சாதாரண டிஃபரென்ஷியல் விசை முழுவதையும் அந்தச் சும்மா சுற்றும் சக்கரத்துக்கே அனுப்பும். பிரேக்கைப் பிடித்து அதைச் சமாளிக்கும் மென்பொருள் எல்லா டிஃபென்டரிலும் உண்டு. ஆனால் நீண்ட மணல் ஏற்றத்தில் பிரேக் சூடேறி அதன் பலன் குறையும். ஆக்டிவ் டிஃபரென்ஷியல் இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பிறகு வாங்கிப் பொருத்துவது நடைமுறையில் நடக்காத வேலை.

மணல், சேறு என்று தரைக்கேற்ப வண்டியின் இயக்கத்தை மாற்றும் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் 2, அதோடு வரும் ஆல் டெரெய்ன் ப்ராக்ரஸ் கன்ட்ரோல் மூன்றாவது. ப்ராக்ரஸ் கன்ட்ரோல், பள்ளத்திலும் மேட்டிலும் நீங்கள் குறித்த ஊர்தல் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். புதிதாக மண்ணில் ஓட்டப் பழகுபவருக்குக் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் மட்டும் கவனம் வைக்க முடிவது பெரிய பாதுகாப்பு.

போனட்டுக்குக் கீழே உள்ள தரையைத் திரையில் காட்டும் கிளியர்சைட் கிரவுண்ட் வியூ, 360 டிகிரி கேமராக்கள், வெண்டிலேட்டட் சீட், இரண்டாம் வரிசைக்கும் தனி ஏசி கட்டுப்பாடு: இவையும் ஆர்டரிலேயே முடிய வேண்டியவை. சென்னை, மதுரை வெயிலில் சீட் வெண்டிலேஷன் ஆண்டில் பத்து மாதம் ஓடும். சூடான விண்ட்ஸ்கிரீன், சூடான ஸ்டீயரிங் அடங்கிய குளிர்ப் பிரதேசத் தொகுப்புக்கு இங்கே வேலையே இல்லை. லடாக்குக்கு ஒருமுறை போவதற்காக அதைச் சேர்க்காதீர்கள்.

பனோரமிக் கண்ணாடிக் கூரையை யோசித்து எடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் கூடுதலாகச் சூடேறும், வண்டியின் உச்சியில் எடை கூடும். திறக்கும் வகையில் வடிகால் குழாய்கள் உண்டு. இலை, தூசி அடைத்தால் தண்ணீர் உட்கூரைத் துணியில் இறங்கும். அடைப்பால் வந்த ஈரத்தைப் பராமரிப்புக் குறை என்று சொல்லி வாரண்டியில் தள்ளுவார்கள். மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு வேண்டாம்.

டயரும் ரிம்மும்

பணத்தைக் கூடக் கொடுத்துத் தவறான பொருளை வாங்குவது அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். டிஃபென்டருக்கு வரும் அளவுகளையும், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் ரப்பர் சுவரின் உயரத்தையும் பாருங்கள்:

18 அங்குலம், 255/70: சுமார் 178 மி.மீ.
19 அங்குலம், 255/65: சுமார் 166 மி.மீ.
20 அங்குலம், 255/60: 153 மி.மீ.
22 அங்குலம், 275/45: சுமார் 124 மி.மீ.

மணலிலும் பாறையிலும் டயர் காற்றைக் குறைத்து ஓட்டுவதுதான் முதல் பாடம். 124 மி.மீ. சுவரில் குறைக்க இடமே இல்லை. கொஞ்சம் குறைத்தாலும் கல் இடித்தவுடன் ரிம் நெளியும். நம் நெடுஞ்சாலைகளில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையும் குழியும் போதும், 22 அங்குல ரிம்மில் டயர் சுவர் வெடிக்க. டயர் எந்த வாரண்டியிலும் தேய்மானப் பொருள். ரிம் நெளிந்தால் அது விபத்துச் சேதம். இரண்டையும் இன்ஷூரன்ஸில் தனி டயர் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் கேட்க முடியும்.

20 அங்குலம் பெரும்பாலானவர்களுக்கு நடுவழி. அடிக்கடி மண்ணில் போகிறவர்கள் 18 அல்லது 19 கேளுங்கள். ஆனால் இரண்டு சோதனைகள் வேண்டும். ஒன்று, நீங்கள் எடுக்கும் என்ஜினின் பிரேக் டிஸ்க் மேல் 18 அங்குல ரிம் உட்காருமா? பெரிய பிரேக் கொண்ட வி8 வண்டிகளில் உட்காராது. இரண்டு, அந்த அளவு டயர் உங்கள் ஊரில் கையிருப்பில் கிடைக்குமா? 255/65 ஆர்19 அரிதான அளவு. ஆர்டர் போடும் முன் இரண்டு டயர் கடைகளுக்குப் போன் செய்து, ஆல்-டெரெய்ன் வகையில் எந்த பிராண்ட், எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிடுங்கள். ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவு, அதே வகை என்பதையும், லாக்கிங் நட் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் டெலிவரி அன்று பாருங்கள். அந்தச் சாவி தொலைந்த வண்டிக்குப் பஞ்சர் போடுவது பெரும்பாடு.

ஆக்சஸரிகள்: எப்போது, யாரிடம், எந்த பில்லில்

எக்ஸ்ப்ளோரர், அட்வெஞ்சர், கன்ட்ரி, அர்பன் என நான்கு தொகுப்புகளாக நிறுவனமே ஆக்சஸரிகளைக் கட்டி விற்கிறது. எக்ஸ்ப்ளோரரில் ரூஃப் ரேக், உயர்த்திய காற்றுக் குழாய், பக்கவாட்டுப் பெட்டி, சக்கர வளைவுக் காப்பு வருகின்றன. அட்வெஞ்சரில் பின்னால் பொருத்திய ஏர் கம்ப்ரஸரும், சேறு கழுவ 6.5 லிட்டர் தண்ணீர்க் கருவியும் உண்டு. தொகுப்பாக வாங்காமல், உங்களுக்கு வேண்டியதை உதிரியாகக் கேளுங்கள். மணலில் டயர் காற்றைக் குறைத்தால் திரும்ப நிரப்ப வேண்டும் என்பதால் கம்ப்ரஸர் உண்மையிலேயே பயன்படும். போனட் ஸ்டிக்கர் பயன்படாது.

உயர்த்திய காற்றுக் குழாயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. அதை மாட்டினாலும் நிறுவனம் சொல்லும் நீர் ஆழம் 900 மி.மீ.தான். கதவு இடுக்கு, மின் இணைப்புகள், அச்சுகளின் காற்றுத்துளை எல்லாம் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. அந்தக் குழாய் தூசிக்கானது: வரிசையாகப் போகும்போது முன்வண்டி கிளப்பும் புழுதியை விட்டு மேலிருந்து காற்றை எடுக்கும்.

கூரைச் சுமையில் இரண்டு எண்கள். ஓடும்போது அதிகபட்சம் 168 கிலோ, நிற்கும்போது 300 கிலோ. கூரைக் கூடாரம் போட்டு இருவர் தூங்கலாம் என்பது இரண்டாவது எண்ணால். முதல் எண்ணில் ரேக்கின் எடையும் அடங்கும். டயர் வகையைப் பொறுத்து அது இன்னும் குறையும்.

இனி வரிக்கணக்கு. தமிழ்நாட்டில் ₹20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20%. தொழிற்சாலை ஆப்ஷன் வண்டியின் விலையில் ஏறுவதால் அதற்கும் இந்த வரி விழும். ₹3,00,000 ஆப்ஷனுக்கு ரோடு டாக்ஸ் ₹60,000, டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) 1% ₹3,000, அதன் மேல் இன்ஷூரன்ஸ் பிரீமியம். டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ரோடு டாக்ஸ் திரும்பாது. அதே பொருளை ஆக்சஸரியாகத் தனி பில்லில் வாங்கினால் ரோடு டாக்ஸ் இல்லை. ஜிஎஸ்டியும் வேறு: 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிக்கு 40%, உதிரிபாகங்களுக்கு 18%.

அப்படியானால் எல்லாவற்றையும் பிறகே வாங்கலாமே என்று தோன்றும். இங்கேதான் வாரண்டி குறுக்கிடுகிறது. லேண்ட் ரோவர் ஆக்சஸரி கையேடுகளில் உள்ள விதி: அங்கீகரிக்கப்பட்ட டீலரே, வண்டி கைக்கு வந்த ஒரு மாதம் அல்லது 1,600 கி.மீ.க்குள் பொருத்திய நிறுவன ஆக்சஸரிக்கு வண்டியின் வாரண்டிக் காலமே கிடைக்கும். அதற்குப் பிறகு பொருத்தினால் 12 மாதம். உங்கள் வண்டியோடு வரும் புத்தகத்தில் இதே வாசகம் இருப்பதைச் சரிபார்த்துவிட்டு, அந்த முதல் மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ரூஃப் ரேக், கம்ப்ரஸர், மட்ஃப்ளாப், ரப்பர் மேட் எல்லாவற்றையும் டெலிவரி முடிந்த இரண்டாம் வாரத்தில், தனி பில்லில், அதே டீலரிடம் பொருத்தினால் வரியும் மிஞ்சும், வாரண்டியும் நிற்கும். பில்லில் வண்டியின் விஐஎன் எண்ணும் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் பாருங்கள். முன்பக்கப் புல் பார், கிராஷ் கார்டு ஆகியவற்றை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ஐ உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. புல் பாரோடு சேர்ந்த வின்ச், பெரிய டயர், உயரம் கூட்டும் லிஃப்ட் கிட் எல்லாம் இதற்குள் சிக்கும். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

கொட்டேஷனும் டெலிவரியும்

டிஃபென்டர் ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகிக் கப்பலில் வருகிறது. அதனால் இரண்டு வழிகள்: உங்கள் விருப்பப்படி ஆர்டர் செய்து காத்திருப்பது, அல்லது ஏற்கெனவே வந்து நிற்கும் வண்டியை எடுப்பது. கையிருப்பு வண்டியில் விலை பேச இடமுண்டு. ஆனால் வேண்டாத ஆப்ஷன்களுக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள். ஆக்டிவ் டிஃபரென்ஷியலும் சரியான ரிம்மும் இல்லாத கையிருப்பு வண்டியை, தள்ளுபடிக்காக எடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் விஐஎன் எண்ணோடு கூடிய முழு ஆப்ஷன் பட்டியலை டீலரின் மின்னஞ்சலில் வாங்குங்கள். தயாரித்த மாதம், ஆண்டு என்ன என்று கேளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அது வண்டியின் தேதியோடு ஒத்துப்போக வேண்டும். டெமோ வண்டி என்றால் அதன் வாரண்டி முதல் பதிவு நாளிலேயே ஓடத் தொடங்கியிருக்கும். மீதி எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

டெலிவரிக்கு முந்தைய சோதனையைப் பகல் வெளிச்சத்தில், பதிவுக்கு முன்பே செய்யுங்கள். பதிவு முடிந்த பிறகு கண்டுபிடிக்கும் கீறல் உங்களுடையது.

சஸ்பென்ஷனை எல்லா உயரங்களுக்கும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நான்கு மூலையிலும் சக்கர வளைவின் உயரத்தை அளந்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால் காற்றுக் கசிவு தெரியும். நியூட்ரலில் லோ ரேஞ்சுக்கு மாற்றி, திரையில் அறிகுறி வருகிறதா என்று பாருங்கள். எல்லாக் கேமராக்களும் எரிய வேண்டும். துறைமுகத்திலும் யார்டிலும் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம். அது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் திரையில் வரிசையாக வரும். பேட்டரி சோதனை அறிக்கையை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பெயின்ட் தடிமன் மீட்டரால் கதவு, ஃபெண்டர், கூரை ஆகியவற்றை அளந்து பாருங்கள். ஒரு பலகையில் மட்டும் எண் இரண்டு மடங்காக வந்தால் அது கப்பல் வழியிலோ யார்டிலோ இடிபட்டு மறுபடி பூசப்பட்டது. கூரை மேல் தண்ணீர் அடித்து உட்புற ஓரங்களைக் கையால் தடவிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ், வாரண்டியின் மறுபாதி

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. தண்ணீர், கல், எலி, திருட்டு எல்லாம் இன்ஷூரன்ஸ் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழாமல் பார்க்க வேண்டும்.

என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இந்த வண்டிக்குக் கட்டாயம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராட் வளைந்தால் வாரண்டி தராது, சாதாரண பாலிசியும் தராது. 900 மி.மீ. என்பது நிதானமாகப் போகும் வண்டிக்கு, ஓட்டமில்லாத தண்ணீரில். சென்னை மழைவெள்ளத்தில் எதிரே வரும் பேருந்து கிளப்பும் அலை அந்தக் கணக்கில் இல்லை. தண்ணீரில் என்ஜின் நின்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்த பதிவு கணினியில் இருக்கும். என்ஜின் பாதுகாப்பு இருந்தும் க்ளெய்ம் மறுக்கப்படுவது இதனால்தான்.

ஜீரோ டெப்ரிசியேஷன் எடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலை உங்கள் கையிலிருந்து போகும். சக்கர வளைவு, பம்பர் முனைகள், அடிக்காப்பு என்று டிஃபென்டரில் காட்டில் உரசும் பாகங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் முதல் மூன்று ஆண்டுக்கு. பிறகு பொருத்திய ஆக்சஸரிகளைப் பில்லோடு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியில் ஏற்றுங்கள். ஏற்றாதது திருடு போனால் ஒன்றும் கிடைக்காது.

எக்ஸ்டென்டட் வாரண்டி: விலையைக் கேட்பதற்கு முன் படிக்க வேண்டியது

விற்பனையாளர் காட்டும் துண்டறிக்கையை ஒதுக்கிவிட்டு, முழு நிபந்தனைப் புத்தகத்தைக் கேளுங்கள். அதில் முதலில் தேட வேண்டியது, பொறுப்பேற்பவர் யார் என்பது. தயாரிப்பு நிறுவனமா, டீலரா, ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனமா, இடையில் நிற்கும் தனி நிறுவனமா? டீலரின் பெயரில் மட்டும் உள்ள திட்டம், அவர் டீலர்ஷிப்பை விட்டுவிட்டால் காகிதம்தான். நாட்டில் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலும் செல்லும் நிறுவனத் திட்டத்தையே எடுங்கள், விலை கூடினாலும்.

அடுத்து, பட்டியல் எந்த வகை? "கீழ்க்கண்ட பாகங்கள் அடங்கும்" என்று ஒரு வகை. "கீழ்க்கண்டவை தவிர எல்லாம் அடங்கும்" என்று இன்னொரு வகை. இரண்டாவதுதான் வேண்டும். முதல் வகையில் என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாம் பெருமையாக இருக்கும். உண்மையில் இந்த வண்டியில் பழுதாகி வருவது மின்னணுப் பாகங்களும் சஸ்பென்ஷனும். ஆகவே இந்தப் பெயர்களைப் புத்தகத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: ஏர் கம்ப்ரஸர், ஏர் ஸ்பிரிங், உயர சென்சார், வால்வ் பிளாக், அடாப்டிவ் டேம்பர், நடுத்திரை, டிஜிட்டல் மீட்டர், கேமராக்கள், எல்இடி ஹெட்லைட், டர்போ, உயரழுத்த எரிபொருள் பம்ப், 48 வோல்ட் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர், அந்த 48 வோல்ட் பேட்டரி, டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், டீசலில் டிஇஎஃப் (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல்) பம்பும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரும். ஏர் ஸ்பிரிங் ரப்பர் என்பதால் சில திட்டங்கள் அதைத் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கும். அப்படி ஒதுக்கினால், ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அந்தத் திட்டத்தின் மதிப்பு பாதியாகிவிடும்.

மூன்றாவது, பண வரம்பு. ஒரு பழுதுக்கு இவ்வளவு, மொத்தத்தில் இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டா? பழுதைக் கண்டுபிடிக்கும் கூலி அடங்குமா? பாகம் கெட்டு அடுத்த பாகத்தையும் கெடுத்தால் இரண்டாவதற்கும் பணம் உண்டா? ஒவ்வொரு க்ளெய்முக்கும் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு? இறக்குமதிப் பாகம் வரும்வரை மாற்று வண்டி உண்டா?

நான்காவது, ஆண்டும் கிலோமீட்டரும். "எது முதலில் வருகிறதோ அது" என்ற வரியை உங்கள் தாளில் எழுதிய எண்ணோடு பொருத்துங்கள். உதாரணத்துக்கு, அடிப்படை வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ., கூடுதல் திட்டம் அதை 5 ஆண்டு அல்லது 1,50,000 கி.மீ.க்கு நீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓடுபவருக்கு அடிப்படை 30 மாதத்தில் தீரும். நீட்டிப்பு 45-ஆம் மாதத்தில் தீரும். இரண்டு ஆண்டுக்குப் பணம் கட்டி அவர் பெறுவது 15 மாதம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடுபவருக்கோ முழு 24 மாதமும் கிடைக்கும், தொண்ணூறு ஆயிரம் கி.மீ. வரம்பு வீணாகும். அதிகம் ஓடுபவர் கிலோமீட்டர் வரம்பில்லாத திட்டம் உண்டா என்று கேட்க வேண்டும். குறைவாக ஓடுபவர் ஆண்டுகளைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

எடுக்கவேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: அடிப்படை வாரண்டி முடியும் முன்பே வண்டியை விற்பவருக்கு வேண்டாம். அதற்கு மேல் ஓராண்டு வைத்திருந்தாலும், ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், எடுங்கள். ஆனால் டெலிவரி நாளிலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை. அடிப்படை வாரண்டி உயிரோடு இருக்கும்வரை பொதுவாக வாங்க முடியும். நாள் போகப் போக விலை படிப்படியாக ஏறும். எந்தத் தேதிவரை இன்றைய விலை, எந்தத் தேதியில் அடுத்த விலை, எப்போது வண்டியைப் பரிசோதித்த பிறகே தருவார்கள் என்ற அட்டவணையை மின்னஞ்சலில் வாங்கி வைத்தால், "இன்று இல்லாவிட்டால் கிடையாது" என்ற அவசரம் போய்விடும். விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். வண்டி விலையில் இறங்காத டீலர் இதில் இறங்குவது உண்டு.

பணம் கட்டிய பிறகு ஒரு வேலை மிச்சம். விஐஎன், தொடக்க நாள், முடிவு நாள், கிலோமீட்டர் வரம்பு, திட்ட எண் ஆகியவை கொண்ட சான்றிதழ் வர வேண்டும். ரசீது மட்டும் போதாது; டீலர் பணத்தை வாங்கிவிட்டு நிறுவனக் கணினியில் ஏற்ற மறந்தது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும். இரண்டு வாரம் கழித்து வேறு ஊர் சர்வீஸ் மையத்துக்குப் போன் செய்து, இந்த விஐஎன்னுக்கு என்ன காட்டுகிறது என்று கேட்பது நல்ல சோதனை.

க்ளெய்ம் மறுக்கப்படாமல் வண்டியை வைத்திருப்பது

சர்வீஸ் தேதியைத் தவறவிடாதீர்கள். எத்தனை நாள், எத்தனை கி.மீ. தாமதம் அனுமதி என்பது புத்தகத்தில் இருக்கும். என்ஜின் கணினியை மாற்றி எழுதும் ரீமேப் வேண்டாம். டேஷ்கேம், கூடுதல் விளக்கு எதற்கும் வண்டியின் வயரை வெட்டி இணைக்க விடாதீர்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கி வந்தால், அடுத்த சர்வீஸ்வரை காத்திராமல் டிஃபரென்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தச் சோதனையின் ஜாப் கார்டு பின்னால் பேரிங் பழுதுக்கு உங்கள் சாட்சி. பந்தயம், நேரக் கணக்குப் போட்டிகளில் கலந்துகொண்டால் வாரண்டி, இன்ஷூரன்ஸ் இரண்டுமே விலகிக்கொள்ளும். நிறுத்திய வண்டியை எலி கடித்த வயர் எந்த வாரண்டியிலும் வராது.

பழுது வந்தால் முதலில் போனில் வீடியோ எடுங்கள், திரையில் உள்ள எச்சரிக்கையும் ஓடிய கி.மீ.யும் தெரியும்படி. ஜாப் கார்டில் குறை உங்கள் சொற்களில் இருக்க வேண்டும். "பொதுச் சோதனை" என்று எழுத விடாதீர்கள். கணினிப் பழுது எண்களின் அச்சுப் பிரதியைக் கேளுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் ஒருமுறை பதிவான குறை, காலம் முடிந்த பிறகு திரும்ப வந்தால் அதைத் தொடர் குறையாக வாதாட அந்த ஜாப் கார்டுதான் வேண்டும்.

மறுத்தால், எந்த நிபந்தனை எண்ணின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் இந்தக் கேள்வியிலேயே தளரும். பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல், அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து வழக்கறிஞர் நோட்டீஸ். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, செலுத்திய விலை ₹50 லட்சத்துக்கு மேல் ₹2 கோடிவரை என்றால் மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போக வேண்டும். டீலரோடு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டே அந்தக் காலத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

வண்டியை விற்கும்போது மீதமுள்ள எக்ஸ்டென்டட் வாரண்டி தானாகப் புது உரிமையாளருக்குப் போகாது. பல திட்டங்களில் ஆர்சி மாறிய குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பம், கட்டணம், சர்வீஸ் பதிவுகள் கொடுத்து மாற்ற வேண்டும். அந்த நாள் கணக்கை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, சான்றிதழின் மூலப்பிரதியை ஆர்சியோடு கைமாற்றுங்கள். மாற்ற முடியாத திட்டம் என்றால், மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை விற்கும் முன் கேட்டு வாங்குங்கள்.